தொங்கவிட்டு அளந்த சக்கரம்

கேட்டைத் திறக்கப் போன கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. காரின் பின்பக்க மட்கார்டில், சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் அந்தத் தகரத்தின் மேல், யாரோ வெள்ளைச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். கோணல்மாணல் கோடு இல்லை. இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை, பிறை போல, ஒரே இழுப்பில் இழுத்த கோடு. பார்த்த மாத்திரத்தில் அது யார் கை என்று பிசியோ அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. வேலைக்காலம் முழுக்க வரைபட மேஜையில் குனிந்து நின்று ஓய்வு பெற்ற கை. அவளைக் கைப்பிடித்ததும் அதே கைதான்.

கோட்டுக்குக் கீழே தரையில் தகரம் அறுக்கும் மெஷின் படுத்திருந்தது. அதன் ஒயர் முற்றத்தைத் தாண்டி, செடித்தொட்டிகளைச் சுற்றி, சமையலறை ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, அவளுடைய மிக்ஸி பிளக்கில் போய் முடிந்திருந்தது. அந்த மகா காரியத்துக்கு முன்னால் சற்று இளைப்பாறுகிறவர்களைப் போல, கார் டிக்கியின் மேல் அவள் கணவரும் அவள் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் தொப்பை அவரவர் மடியில் சுகமாக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பேட்டை முழுவதும் அவளைப் பிசியோ அம்மா என்றுதான் கூப்பிடும். இடுப்பு முறிந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள், ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் போய், அவர்களை மறுபடி நடக்க வைப்பது அவள் வேலை. அவள் கைராசி எவ்வளவு பிரபலமோ, கோபமும் அவ்வளவு பிரபலம். ஒருமுறை அவள் போட்ட சத்தத்தில், மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் எழுந்து ஓடியே போனார் என்று சொல்வார்கள். அது மிகை. ஓடவில்லை, கொஞ்சம் வேகமாக நடந்தார். நடந்துபோய் அறைக்கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார் என்பது மட்டும் உண்மை.

இன்றைக்கு அந்தக் கோபத்துக்குத் தீனி தேட வேண்டியதே இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். அவளுடைய வலது முட்டி, ஊரார் முட்டியையெல்லாம் சரிசெய்த புண்ணியத்துக்குப் பரிசாக, வீங்கிப் பரங்கிக்காய் ஆகியிருந்தது. பையில் கையெடைகளும் ரப்பர் பட்டைகளும் கல்லாய்க் கனத்தன. எல்லாவற்றுக்கும் மேலே, பஸ்ஸில் வரும்போது அவளுடைய நோயாளிகளில் ஒருவரான அச்சாபீஸ்காரரின் மனைவி போன் செய்து சொன்ன வார்த்தை காதுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

இந்தக் கோட்டின் கதை ஆக்சிலில், பின் சக்கரம் இரண்டையும் தாங்கும் இரும்புத் தண்டில், தொடங்குகிறது.

கடல்பச்சை நிறம், உருண்டை விளக்கு, தவளை மாதிரி முகம். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு டாக்டர் தன்னால் இனி ஓட்ட முடியாது என்று விட்ட காரை அவள் வாங்கினாள். அதன் பிறகுதான் கல்யாணம். கார் முதலில் வந்தது, இவர் பிறகு வந்த உதிரி பாகம் என்று கோபம் வரும்போதெல்லாம் சொல்வாள். சந்தோஷமாக இருக்கும்போதும் அதையேதான் சொல்வாள். மழைக்காலத்தில் ஒரு திருப்பத்தில் காரின் பின் ஆக்சில் உடைந்தது. உடைந்தபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அவுட் என்று நினைத்து மட்டையைக் கீழே போட்டார்களாம். அந்த மாடலுக்கு ஆக்சில் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று எல்லாக் கடைக்காரர்களும் ஒருமுகமாகச் சொன்னார்கள். அவள் தம்பிதான் பழைய இரும்புக் கிடங்குகளில் புகுந்து, எலிகளோடு எலியாகத் தேடி, ஒரு வேனின் ஆக்சிலைக் கொண்டுவந்து சேர்த்தான். அந்த நன்றியை அவள் மறந்ததில்லை. பின்னால் அவன் செய்த காரியங்கள்தான் மறக்கச் சொல்லி வற்புறுத்தின.

மெக்கானிக்குக்கு 'நாளைக்கு' என்று பேர். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் ஒரே பதில் அது என்பதால் அவர் பெற்றோர் வைத்த பேர் உபயோகமில்லாமல் துருப்பிடித்துவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதர் சொன்ன தேதியில் வேலையை முடித்தார். வேன் ஆக்சிலை காரின் வில்பட்டைகளுக்கு ஏற்ப அறுத்து, ஒட்டி, இன்ஜினிலிருந்து ஆக்சிலுக்கு வரும் சுழல்தண்டைச் சுருக்கி, இந்த ஆக்சிலோடுதான் இந்தக் கார் பிறந்தது என்று சத்தியம் செய்யலாம் போல உட்கார வைத்தார். மாட்டும்போதுதான் தெரிந்தது: காரின் பழைய சக்கரங்களில் நாலு ஓட்டை, வேன் ஆக்சிலில் ஐந்து போல்ட். போதாக்குறைக்கு ஆக்சிலும் இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் நீளம். முன்னால் பழைய சக்கரமே இருக்கலாம். பின்னால் புதிதாக ஒரு ஜோடி வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்தது, இனி செருப்பு வாங்க வேண்டியதுதான் பாக்கி என்று பிசியோ அம்மா நினைத்தாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று நோயாளிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். மழைக்காலம் போய், வெயில் வந்து, வெயிலும் அலுத்துப்போய், மறுபடி மேகம் கூடுகிறது. செருப்பு இன்னும் முடிவாகவில்லை.

காரணம், வாங்கப் புறப்பட்டவர்கள் இரண்டு பேர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வரைவதற்கு ஒன்றும் இல்லாமல் மளிகைச் சாமான் சீட்டையே நாலு கோணத்திலிருந்து வரைந்துகொண்டிருந்த அவள் கணவருக்கு, சக்கரம் என்பது கடவுளே அனுப்பிய வட்டமாக வந்து சேர்ந்தது. பளபளக்கும் அலாய் வீல், அகலமான டயர், முன்னும் பின்னும் ஒரே மாதிரி, அதற்காக முன்பக்கத்தையும் ஐந்து போல்ட்டாக மாற்றிவிடுவது என்று அவர் சாப்பாட்டு மேஜை முழுக்க வரைந்து வைத்தார். தட்டு வைக்க இடமில்லாமல் அவள் சக்கரத்தின் நடுவில் சோறு போட்டுச் சாப்பிட்டாள். தம்பிக்கோ அலாய் என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு எரியும். பழைய கார் பழைய மாதிரிதான் இருக்க வேண்டும். இரும்புச் சக்கரம், மேலே வெள்ளி மூடி, ஒல்லியான உயரமான டயர், அதில் வெள்ளை வளையம். பாட்டனுக்குப் பூப்போட்ட சட்டை மாட்டுகிறவர் என்று மாமாவைப் பற்றி அவன் தன் திரைச்சீலைக் கடையில் சொல்ல, மாப்பிள்ளைக்குத் திரைச்சீலை தவிர வேறெதிலும் மடிப்புத் தெரியாது என்று இவர் டீக்கடையில் சொல்ல, இரண்டு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு வாரமும் ஒரே முற்றத்தில், ஒரே காருக்கு இரண்டு பக்கமும் நின்று, அவளிடம் பேசினார்கள். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா என்பான் ஒருவன். உன் தம்பிகிட்ட சொல்லு என்பார் இன்னொருவர். அவள் யாரிடமும் எதையும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அவளிடம் இருவரும் பேசினார்கள், கேட்கத்தான் இல்லை. வண்டி யாருடையது, அதை ஓட்டுவது யார், அது எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற சங்கதிகள் அந்தப் பெரிய விவாதத்தில் இடம் பிடிக்கவே இல்லை. நோயாளியைப் படுக்கையில் போட்டுவிட்டு, சுற்றி நின்று, தலைக்கு மேலே சண்டை போடும் உறவுக்காரர்களை அவள் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்டவர்களை முதலில் அறையை விட்டு வெளியே அனுப்புவதுதான் அவள் வழக்கம். இங்கே எங்கே அனுப்புவது? அறையும் அவளுடையது, உறவுக்காரர்களும் அவளுடையவர்கள். ஒரே ஒரு நாள் மட்டும், சோறு போட்டுக்கொண்டே, வேன் ஆக்சில்தானே, அந்த வேனுடைய சக்கரத்தையே கொண்டுவந்து மாட்டினால் என்ன என்று கேட்டுப் பார்த்தாள். பேச்சுவார்த்தை இல்லாத மாமனும் மச்சானும் அந்தக் கணத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டலாமா என்று அவள் கேட்டுவிட்ட மாதிரி இருவர் முகத்திலும் ஒரே வேதனை.

"ஏம்மா, அழகுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் கணவர், மிகவும் பொறுமையாக.

அன்றோடு அவர்கள் ராசியாகிவிட்டார்கள். அதற்கும் அவள்தான் காரணம் என்று தம்பி பிறகு பெருமையாகச் சொன்னான்.

ராசியான கையோடு அளவெடுத்தார்கள். தம்பிக்குத் திரைச்சீலைக் கடை. கழுத்தில் டேப் தொங்காவிட்டால் அவனுக்குத் தலை நிற்காது. தூங்கும்போதும் அதோடுதான் தூங்குவான் என்று அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாள். காரை ஜாக்கியில் உயரத் தூக்கி, பின் ஆக்சில் காற்றில் தொங்க, அவன் மட்கார்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே டேப்பை விட்டு அளவு சொல்ல, மாமா குறித்துக்கொண்டார். இடம் தாராளமாக இருந்தது. ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம் என்றான் தம்பி. வேலை முடிந்து வந்த பிசியோ அம்மா பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள். படுத்திருப்பவனின் காலை அளந்தால் ஒரு கணக்கு, எழுந்து நின்று உடம்பைத் தாங்கும்போது அளந்தால் வேறு கணக்கு என்பது அவளுக்குக் கைக்குள் இருந்த விஷயம்.

"கீழ இறக்கி வெச்சு அளந்தீங்களா?" என்று கேட்டாள்.

"அக்கா, எத்தனை வருஷமா அளக்குறவன் நான்."

"நீ அளக்குறது திரைச்சீலைடா. அது தொங்கும். இது நிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். மனுஷன் கால் வேறு, கார் கால் வேறு என்று அவளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு மறுபடி அளந்தார்கள். இந்த முறை இன்னும் அதிக இடம் வந்தது.

சக்கரம் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. சம்பந்தம் பேசுகிற மாதிரி பேசிப் பேசி, இரண்டு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததில் தம்பிக்குப் பிடித்த இரும்புச் சக்கரம், மாமாவுக்குப் பிடித்த அகலமான டயர். சக்கரத்தின் நடுத்தட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து டயர் மட்கார்டுக்குள் ஒளிந்துகொள்ளும், அல்லது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இவர்கள் எடுத்தது துருத்துகிற வகை. பின்னாலிருந்து பார்த்தால் கம்பீரமாக இருக்குமாம். ஏற்கெனவே நீண்ட ஆக்சில், அதில் துருத்துகிற சக்கரம், அதன் மேல் அகல டயர். மாமாவுக்குச் சந்தோஷம், மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். ஜாக்கியை இறக்கியதும் கார் ஒருமுறை பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது. குடித்தனம் நடத்த இருந்த இடத்தில் இரண்டு விரல்தான் நுழைந்தது. நிஜமாகவே இடிக்கிறதா என்று பார்க்கத் தம்பி டிக்கியில் ஏறி உட்கார்ந்தான். இடித்தது. அவன் சரியாக உட்காரவில்லை என்று மாமாவும் ஏறி உட்கார்ந்தார். நன்றாகவே இடித்தது. அன்றிலிருந்து அவர்களுடைய ஆலோசனைக் கூட்டம் முழுவதும் டிக்கியின் மேலேயே நடந்தது. மெக்கானிக்கைக் கேட்டதற்கு, அவர் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் நடுவே அச்சாபீஸ்காரர் மறுபடி படுத்துவிட்டார்.

அவர் வீடு மேட்டுத் தெருவில், பஸ் ஏறாத உச்சியில் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்த ஆள். ஆள் ஆறடி, பிடிவாதம் அதற்கு மேலே ஓரடி. அவரைப் படுக்கையிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னலிலிருந்து வாசல் வரைக்கும் கொண்டுவருவதற்குள் அவள் அவரிடம் பட்ட வசவுகளைக் கோர்த்தால் ஒரு அகராதி போடலாம். அவள் திருப்பிக் கொடுத்ததைக் கோர்த்தால் இரண்டாம் பாகமும் வரும். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. மேட்டுத் தெரு திரும்பும் முனையில் அவள் இரண்டு ஹார்ன் அடிப்பாள். அவள் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவர் கட்டிலோரத்துக்கு வந்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் வாசலோடு திரும்பிவிடுவாள். வாசற்படி ஏறும்போதே பார்த்துவிடலாம். அவர் அறை வாசலில் தொங்குவது அவள் தம்பி கடைத் திரைச்சீலை, தொங்குவதை மட்டுமே அளக்கத் தெரிந்தவன் அதையும் ஒரு சாண் குறைத்துத்தான் அளந்திருந்தான். அந்தச் சாண் இடைவெளியில் இரண்டு பாதமும் தெரிந்தால் அன்றைக்கு வேலை நடக்கும்.

கார் நின்றுபோனதும் முதலில் ஏறி நடந்தே போனாள். முட்டி வீங்கியது. போனில் சொல்லிப் பார்த்தாள். அவர் மனைவி போனை அவர் காதருகே பிடித்துக்கொள்ள, இவள் இங்கிருந்து திட்டினாள். திட்டு போனில் சரியாக ஏறவில்லை. வேறு ஆள் வைத்தார்கள். அவனை அவர் கட்டிலில் இருந்தபடியே விரட்டினார். இன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அந்த அம்மா போனில் சொன்னது இதுதான்: ஓரத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். ஹார்ன் சத்தம் கேட்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நேற்றிலிருந்து அதைக்கூடச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பவர்களைப் பிசியோ அம்மாவுக்குத் தெரியும். தசை கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும். பிறகு மனிதன் மறப்பான். அதற்குப் பிறகு எந்த ஹார்னுக்கும் காது கேட்காது.

இத்தனையும் ஏந்திக்கொண்டு வந்தவளுக்கு முன்னால்தான் அந்தச் சாக்பீஸ் கோடு நின்றது.

கேட்டைத் திறந்தாள். சமையலறைக்குள் போனாள். மிக்ஸி பிளக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். அது செடித்தொட்டியில் போய் விழுந்து ஒரு கிளையை உடைத்தது. திரும்பி வந்தபோது சாவி கையில் இருந்தது.

கணவர் விளக்கத் தொடங்கினார். கோட்டுக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் எடுப்பது, விளிம்பை மடித்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது என்று நினைப்பார்கள் என்றார். அகலமாக எடுத்தால் இன்னும் பெரிய டயர்கூடப் போடலாம் என்று தம்பி சேர்த்துக்கொண்டான். அவளுக்காகத்தான் இந்த வெயிலில் கிடந்து இவ்வளவும் செய்கிறோம் என்பதையும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. பொய் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

"ஏறுங்க" என்றாள்.

"எங்க?"

"வண்டியில. ரெண்டு பேரும் பின்னாடி."

"அக்கா, இடிக்கும்க்கா. அறுத்துட்டு அப்புறம்..."

"ஏறுடா."

ஒப்பந்தக்காரரை எழுந்து நடக்க வைத்த குரல் அது. சாக்பீஸ் பிடித்த கையோடு கணவரும், டேப் தொங்கும் கழுத்தோடு தம்பியும் பின் சீட்டில் ஏறினார்கள். கார் பின்பக்கமாகக் குந்தியது. முன் சீட்டில், அவள் பக்கத்தில், பை உட்கார்ந்துகொண்டது. இத்தனை மாதத்துக்குப் பிறகும் இன்ஜின் முதல் திருகிலேயே பிடித்தது. அதையும் கோபத்தில் சேர்த்துக்கொண்டாள்.

தெரு முனை வரைக்கும் சும்மா உரசியது. முதல் வேகத்தடையில் எழுந்த ஓசையை வார்த்தையில் சொல்ல முடியாது. பேட்டையில் இருக்கும் அத்தனை கரும்பலகைகளையும் ஒன்றாக நிறுத்தி, அத்தனை பேரும் நகத்தால் கீறியிருந்தால் அதில் பாதி வந்திருக்கும். மாடிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியைச் சட்டை மேலேயே மறந்துவிட்டு நின்றார். பின் சீட்டிலோ திருவிழா. நான் சொன்னேனா இல்லையா என்று மாமா கேட்க, நான்தான் முதலில் சொன்னேன் என்று மாப்பிள்ளை சொல்ல, இந்தப் பக்கம் அதிகமா அந்தப் பக்கம் அதிகமா என்று இருவரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டுக் கேட்டு ரசித்தார்கள். வாழ்க்கையில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரப்பர் கருகும் வாடை வந்தது. அவள் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு ஓட்டினாள். மேட்டுத் தெருவுக்குப் பிரியும் சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இறங்கிப் பாருங்க."

டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் இருவரும் இரண்டு பக்கமும் குதித்து இறங்கினார்கள். அப்போதுதான் அது நடந்தது. இவர் இறங்கியதும் காரின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பியது. அவன் இறங்கியதும் முழுசாக எழும்பியது, மூட்டையை இறக்கி வைத்தவன் முதுகை நிமிர்த்துகிற மாதிரி. அந்த அசைவு அவள் இடுப்புக்குத் தெரிந்தது. ஆயிரம் முதுகுகள் நிமிர்வதைத் தொட்டுப் பார்த்தவள் அவள்.

இறங்கிப் போய் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டாள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. சாக்பீஸ் கோடு விரலுக்கு மேலே வெறுமனே இளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் போய் விட்டுப் பார்த்தாள். அங்கேயும் போயிற்று. மெல்ல நிமிர்ந்தாள். இத்தனை நாளாக எல்லாப் பக்கமும் சிதறிக்கொண்டிருந்த கோபம் ஒரே இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"இந்த வண்டியில தினம் யாரு போறா?"

அது கேள்வி இல்லை என்று இருவருக்கும் தெரியவில்லை. "நீதான்" என்றார் கணவர்.

"பின்னாடி யாரு உக்கார்றா?"

கணவர் பின் சீட்டைப் பார்த்தார், பிறகு தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு மச்சான் வயிற்றைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் டிக்கி மேல ஏறி உக்காந்துகிட்டு, இடிக்குது இடிக்குதுன்னு... உங்களுக்காக என் வண்டிய அறுக்கணுமா?" குரல் ஏறவில்லை. ஏறாததுதான் பயமாக இருந்தது. "ஒரு மனுஷன் அங்க படுக்கையில சுவத்தப் பாத்துகிட்டுக் கிடக்குறாரு. இறக்கி வெச்சு அளந்தீங்களான்னு கேட்டேன். சிரிச்சீங்க."

"இல்லம்மா, எப்பவாவது நாலு பேரு போகணும்னா..."

"பஸ்ஸு வரும். நான் நிறைய தடவை போயிருக்கேன். மெதுவாத்தான் வரும்."

கதவைச் சாத்தியதில் கண்ணாடி குலுங்கியது.

பின்கண்ணாடியில் இருவரும் சாலையோரத்தில் சிறுத்துக்கொண்டே வந்தார்கள். தம்பி கழுத்திலிருந்து டேப்பை உருவி இரண்டு கைகளுக்கும் நடுவே விரித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தான். கணவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி, தார்ச்சாலையிலேயே சாக்பீஸால் வரைந்து விளக்கத் தொடங்கினார். வட்டம்தான். வேறென்ன வரைவார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும்.

மேட்டில் கார் சத்தமில்லாமல் ஏறியது. பள்ளம் வந்தது, காதைத் தீட்டிக்கொண்டாள், ஒன்றும் இல்லை. முன்னால் நாலு ஓட்டைச் சக்கரமும் பின்னால் ஐந்து ஓட்டைச் சக்கரமும், முன்னே ஒல்லி பின்னே குண்டு, வேறுவேறு கால்களில் வேறுவேறு செருப்பு மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவந்த ஆளைப் போல அது ஓடியது. ஓடியது, அதுதான் வேண்டும். முட்டி வலித்தது. அன்றைக்கே அந்த ஒரு வண்டியை இறக்கி வைத்து அளக்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும், இத்தனை நாளில் அங்கே ஒரு தொடை எவ்வளவு மெலிந்திருக்கும் என்று மனசு விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

முனை வந்தது. ஹார்னை அழுத்தினாள். இத்தனை நாள் பேசாமல் கிடந்த ஹார்ன் முதலில் தவளை மாதிரி கனைத்தது. இரண்டாவது அழுத்தில்தான் பழைய குரல் வந்தது. முதலாவதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியாமல் மூன்றாவதும் அடித்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். அச்சாபீஸ்காரரின் மனைவி வாசலுக்கு ஓடிவந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். காரிலிருந்து பார்த்தால் கூடம் தெரிந்தது, கூடத்துக்கு அப்பால் அறை வாசல் தெரிந்தது, தம்பி அளந்து தைத்த திரைச்சீலை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதற்குக் கீழே வெறும் தரை.

அவள் இறங்கவில்லை. ஏற்பாடு ஏற்பாடுதான். ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சாண் இடைவெளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது. அடங்கியது. வசவு போல ஏதோ ஒரு சொல் கேட்டது. யாரைத் திட்டினார் என்று தெரியவில்லை. மறுபடி முனகியது.

திரைச்சீலைக்குக் கீழே, மெலிந்து வெளுத்துப்போன ஒரு பாதம் இறங்கி, தரை எங்கே என்று தடவித் தேடி, ஊன்றியது.

அவள் மற்றதுக்காகக் காத்திருந்தாள்.